கோலார்க் கம்பியும் குப்பத்து மோட்டாரும்: மின்னிழப்பைக் கணக்கிட்ட வரலாறு

220 வோல்ட் மின்னழுத்தத்தில் ஒரு விளக்கு 0.5 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்கிறது. அதன் மின்தடை யாது, திறன் யாது? பத்தாம் வகுப்பு மாணவர் இதற்கு அரை நிமிடத்தில் விடை எழுதிவிடுவார். வகுத்தால் 440 ஓம், பெருக்கினால் 110 வாட். பாடநூலில் கணக்கு அத்துடன் முடிந்துவிடுகிறது. அந்த வகுத்தலும் பெருக்கலும் ஒரு நிலப்பரப்பின் மீது இறங்கியபோது என்ன நிகழ்ந்தது என்பதைப் பாடநூல் சொல்வதில்லை. சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில் குப்பமும், அங்கிருந்து சில காத தூரத்தில், மாநில எல்லைக்கு அப்பால், கோலார் தங்கவயலும் இருக்கின்றன. இவ்விரண்டுக்கும் மின்சாரம் வந்து சேர்ந்த கதைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒரே விதி ஓரிடத்தில் கம்பி நடுவதற்கு முன்பே கணக்கிடப்பட்டதும், மற்றோரிடத்தில் பல பத்தாண்டுகள் கணக்கிடப்படாமலே விடப்பட்டதும் புலப்படும்.

விதியின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜெர்மானியப் பள்ளி ஆசிரியரான கியோர்க் சைமன் ஓம், 1826இல் பிஸ்மத்தும் செம்பும் இணைந்த வெப்பமின் இரட்டையைக் கொண்டு சோதனைகள் செய்தார். ஒரு சந்தி கொதிநீரிலும் மற்றொன்று பனிக்கட்டியிலும் இருந்தன. அன்றைய மின்கலங்களின் அழுத்தம் நிலையின்றித் தளர்ந்துகொண்டே இருந்ததால் அவருக்கு இந்த ஏற்பாடு தேவைப்பட்டது. வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை இணைத்து, காந்த ஊசியின் விலகலைக் கொண்டு மின்னோட்டத்தை அளந்தார். 1827இல் நூலாக வந்த அவருடைய முடிவுகளை ஜெர்மானியக் கல்வியுலகம் குளிர்ச்சியாகவே வரவேற்றது. இலண்டன் ராயல் சங்கம் 1841இல் காப்லி பதக்கம் அளித்த பிறகே மதிப்பு உயர்ந்தது. அதே 1841இல் ஜேம்ஸ் ஜூல், கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும் மின்தடைக்கும் நேர்விகிதத்தில் அமையும் என்று வெளியிட்டார். இந்த ‘இருமடி’ என்ற சொல்தான் இக்கட்டுரை முழுவதற்கும் அச்சாணி.

இந்தியாவில் இக்கணக்கை முதலில் அன்றாடத் தொழிலாக்கியவர்கள் தந்தித் துறையினர். நூறு மைல் நீளக் கம்பி எங்கோ அறுந்து மண்ணைத் தொட்டுக் கிடக்கும்போது, ஒரு முனையில் அமர்ந்தபடி அறுந்த இடத்தைச் சொல்லியாக வேண்டும். தெரிந்த அழுத்தத்தைக் கொடுத்து, ஓடும் மின்னோட்டத்தை அளந்து, வகுத்துத் தடையைக் கண்டு, மைலுக்கு இவ்வளவு ஓம் என்ற எண்ணால் மறுபடி வகுத்தால் தூரம் கிடைத்துவிடும். இந்தியத் தந்தித் துறையின் லூயிஸ் ஷ்வென்ட்லர் 1870களில் எழுதிய சோதனைக் கையேடு இத்தகைய கணக்குகளால் நிறைந்தது. தந்தியில் ஓடியது மிகச் சிறிய மின்னோட்டம். செய்தி போய்ச் சேர்ந்தால் போதும், திறனைப் பற்றிக் கவலையில்லை. சுரங்கத்தின் தேவையோ திறன்.

கோலார் தங்கவயலின் சுரங்கங்களை நிருவகித்த ஜான் டெய்லர் நிறுவனத்துக்கு, நீரை இறைக்கவும் பாறையை இடிக்கவும் பெருந்திறன் தேவைப்பட்டது. நீராவி எந்திரத்துக்கு விறகும் நிலக்கரியும் தொலைவிலிருந்து வரவேண்டியிருந்தன. காவிரி சிவசமுத்திரத்தில் விழுந்துகொண்டிருந்தது. இடையில் 92 மைல், அதாவது ஏறத்தாழ 148 கிலோமீட்டர். மைசூர் திவான் சேஷாத்ரி ஐயரின் ஆதரவுடன், துணைத் தலைமைப் பொறியாளர் ஜோலி த லோட்பினியேர் இத்திட்டத்தை உருவாக்கினார். நீரியல் எந்திரங்கள் சூரிச்சின் எஷர் வீஸ் நிறுவனத்திடமிருந்தும், மின்னெந்திரங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திடமிருந்தும் வந்தன. சேஷாத்ரி ஐயர் 1901இல் காலமானார். 1902 ஜூன் 30 அன்று மின்சாரம் தங்கவயலை அடைந்தது. அன்றைய உலகிலேயே மிக நீண்ட மின்கம்பி இதுதான் என்று கன்னட, தமிழ் நூல்கள் பலவும் எழுதிவருகின்றன. அது மிகை. கலிபோர்னியாவில் கொல்கேட்டிலிருந்து ஓக்லாந்துக்கு 140 மைலுக்கு மேற்பட்ட கம்பி 1901இலேயே இயங்கத் தொடங்கிவிட்டது. ஆசிய அளவில் முன்னோடி என்பதே பொருத்தமான சொல். அதுவே போதுமான பெருமை.

அன்றைய பொறியாளர் தாளில் போட்டிருக்கக்கூடிய கணக்கை இன்று மீண்டும் போட்டுப் பார்க்கலாம். சுரங்கத்துக்குத் தரவேண்டியது 4,000 குதிரைத்திறன், அதாவது சுமார் 2,984 கிலோவாட் என்று கொள்வோம். மூன்று கட்ட மின்சாரத்தில் திறன் என்பது அழுத்தம், மின்னோட்டம், மூன்றின் வர்க்கமூலமான 1.732 ஆகியவற்றின் பெருக்கம். திறன் காரணியை இப்போதைக்கு ஒன்று என வைத்துக்கொள்வோம். மின்னாக்கி தரும் 2,200 வோல்ட்டிலேயே அனுப்பினால் ஒவ்வொரு கம்பியிலும் 783 ஆம்பியர் ஓடவேண்டும். மின்மாற்றியால் 30,000 வோல்ட்டாக உயர்த்தி அனுப்பினால் 57 ஆம்பியர் போதும். கம்பி 50 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள செம்பு என்று கணக்குக்காக எடுத்துக்கொண்டால், 148 கிலோமீட்டருக்கு அதன் தடை சுமார் 51 ஓம். உயர் அழுத்தத்தில் மூன்று கம்பிகளிலும் சேர்த்து வெப்பமாகப் போவது ஏறத்தாழ 500 கிலோவாட்; சேர்ப்பிக்கும் திறனில் இது 17 விழுக்காடு. தாழ்ந்த அழுத்தத்திலோ இழப்பு 93,000 கிலோவாட்டைத் தாண்டுகிறது. மூவாயிரம் கிலோவாட்டைக் கொண்டுசேர்க்க, வழியில் தொண்ணூற்று மூவாயிரத்தை எரிக்க வேண்டும்! மின்னோட்டம் 13.6 மடங்கு குறைந்தால் இழப்பு அதன் இருமடியாக, ஏறத்தாழ 186 மடங்கு குறைகிறது. முப்பதாயிரம் வோல்ட் என்ற தெரிவுக்கு இந்த எண்ணே காரணம். எவருடைய துணிச்சலையும்விட ஜூலின் இருமடிக்கே இதில் பங்கு அதிகம்.

மின்சாரத்தைக் குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்ற வீதத்தில் சுரங்க நிறுவனங்களுக்கு மைசூர் அரசு விற்றது. வாங்குபவர் சிலர், விற்பவர் ஒருவர், இடையில் ஒரே கம்பித்தடம். வழியில் வீணாகும் ஒவ்வொரு கிலோவாட்டும் யாரோ ஒருவருடைய பேரேட்டில் நட்டமாக விழும். ஆகவே இழப்பு எவ்வளவு என்பதைத் தெரிந்துகொள்ள இரு தரப்புக்கும் பணக் காரணம் இருந்தது.

அந்தக் கம்பி மைசூர் எல்லைக்குள்ளேயே ஓடி, சுரங்க வாயிலில் நின்றது. எல்லைக்கு இப்பால் குப்பம் அன்று சென்னை மாகாணத்தின் வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் தனி மாவட்டமானது 1911இல்தான். கோலார்த் தங்கப் படிவத்தின் தென்தொடர்ச்சி பிசாநத்தம், சிகரகுண்டா வழியாகச் சித்தூர் மண்ணுக்குள்ளும் இறங்குகிறது. பாறை அரசியல் எல்லையை மதிக்கவில்லை, மின்கம்பி மதித்தது. முப்பதாயிரம் வோல்ட் கம்பியிலிருந்து ஒரு சிற்றூருக்குக் கிளை பிரிக்க, மின்மாற்றிக்கும் காப்பிகளுக்கும் ஆகும் செலவை அந்த ஊரின் நாலைந்து விளக்குகள் ஈடுசெய்ய மாட்டா. உயர் அழுத்தம் தூரத்தை வென்றது. ஆனால் வழியில் இறங்கிப் பகிர்வதை விலைமிக்கதாக்கிவிட்டது. பைக்காரா (1932), மேட்டூர் (1937) நீர்மின் நிலையங்களுக்குப் பிறகு சென்னை மாகாணத்தின் ஊர்ப்புறங்களில் கம்பி பரவலாயிற்று. சித்தூரிலும் திருப்பதியிலும் விளக்குகள் எரிந்தன. ஆனால் இம்மாவட்டத்து மின்வரலாற்றின் மையப் பாத்திரம் விளக்கு அன்று, கிணற்று மோட்டார்.

வற்றாத ஆறு இல்லாத மாவட்டம் இது. ஏரிகளையும் திறந்த கிணறுகளையும் நம்பியிருந்த உழவர், கவலை ஏற்றம் போய் மோட்டார் வந்ததும் நிலத்தடி நீருக்கு மாறினர். நிலக்கடலை, கரும்பு, பின்னர் தக்காளி. கிணறு வற்ற ஆழ்துளை, அதுவும் வற்ற இன்னும் ஆழம். ஆயிரம் அடி தோண்டிய ஊர்கள் இன்று அரிதல்ல. ஆழம் இரண்டு மடங்கானால், அதே நீரைத் தூக்க இரண்டு மடங்கு திறன் வேண்டும். மூன்று குதிரைத்திறன் ஐந்தாகி, ஐந்து ஏழரையாகி, ஏழரை பத்தாயிற்று. 1959இல் உருவான ஆந்திரப் பிரதேச மின்வாரியம், ஊர் முனையில் ஒரு பெரிய மின்மாற்றியை வைத்து, அங்கிருந்து 415 வோல்ட் தாழ்வழுத்தக் கம்பியை வயல்களுக்கு இழுத்தது. புதிய இணைப்பு கேட்டவருக்கெல்லாம் அதே கம்பி நீட்டப்பட்டது.

இங்கே அதே கணக்கை மறுபடி போடவேண்டும். வெளியீடு 5 குதிரைத்திறனுள்ள மோட்டார், எண்பது விழுக்காடு திறமையுடன் இயங்கினால், 4.66 கிலோவாட்டை உள்ளே வாங்கும். திறன் காரணி 0.8 எனில், 415 வோல்ட்டில் அதன் மின்னோட்டம் சுமார் 8.1 ஆம்பியர். மின்மாற்றியிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில் இப்படி எட்டு மோட்டார்கள் ஓடினால் 65 ஆம்பியர். கம்பி ‘வீசல்’ வகை என்று வைப்போம். எஃகு உள்ளீடுள்ள அலுமினியக் கம்பிகளுக்கு அணில், முயல், மரநாய் என்று விலங்குகளின் பெயர்களைச் சூட்டியவர்கள் ஆங்கிலேயத் தரக்கட்டுப்பாட்டினர். லைன்மேன்கள் இன்றும் அந்தப் பெயர்களை அப்படியே புழங்குகின்றனர். இந்த மரநாய்க் கம்பிக்கு கிலோமீட்டருக்கு 0.93 ஓம். மூன்று கம்பிகளின் வெப்ப இழப்பு, 65இன் இருமடியை 0.93ஆலும் மூன்றாலும் பெருக்க, ஏறத்தாழ 11.8 கிலோவாட். எட்டு மோட்டார்களும் சேர்ந்து வாங்குவது 37 கிலோவாட்தான். ஒரு கிலோமீட்டர் கம்பி, தான் சேர்ப்பிக்கும் திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எரித்துவிடுகிறது. மேலே சிவசமுத்திரக் கம்பிக்குப் போட்ட கணக்கில், 148 கிலோமீட்டரில் இழந்தது 17 விழுக்காடு.

இதுவும் முழுக் கணக்கன்று. கம்பியில் அழுத்தம் சரிவதால் கடைசி மோட்டாருக்கு 415 வோல்ட் போய்ச் சேர்வதில்லை. கட்டத்துக்கு ஏறத்தாழ 50 வோல்ட் குறைந்து, கட்டங்களுக்கிடையே 330 அளவில்தான் கிடைக்கும். விளக்காக இருந்தால் அழுத்தம் குறையும்போது மின்னோட்டமும் குறையும், ஒளி மங்கும், அவ்வளவே. மோட்டார் அப்படிப்பட்டதல்ல. நீர்ப்பளு குறையாததால் அதே திறனை இழுக்க முயன்று கூடுதல் மின்னோட்டத்தை எடுக்கும். 350 வோல்ட்டிலேயே 8.1 ஆம்பியர் 9.6 ஆகிவிடுகிறது, சுருளின் வெப்பம் இருமடி விதிப்படி நாற்பது விழுக்காடு உயர்கிறது. கூடிய மின்னோட்டம் கம்பியில் மேலும் அழுத்தத்தைச் சரிக்கிறது. சித்தூர் வட்டாரத்து உழவர் வாயில் ‘லோ வோல்டேஜ்’ என்றும் ‘காயில் எரிஞ்சுபோச்சு’ என்றும் வழங்கும் இரு தொடர்களுக்கு இடையிலுள்ள இயற்பியல் இவ்வளவுதான். மறுசுருள் கட்டும் கூலி, ஆழ்துளையிலிருந்து மோட்டாரை ஏற்றி இறக்கும் செலவு, அதற்குள் வாடும் பயிர் ஆகிய மூன்றும் உழவரின் தலையில் விழுந்தன. வாரியத்தின் எந்த இழப்புக் கணக்கிலும் இவை ஏறவில்லை.

பாடநூல் வாய்பாட்டின் எல்லையும் இங்கேதான் தென்படுகிறது. அழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை கிடைக்கும் என்று நம்பி, ஓடும் மோட்டாரின் ஒரு கட்டத்து 240 வோல்ட்டை 8.1ஆல் வகுத்தால் ஏறத்தாழ 30 ஓம் வரும். மோட்டாரை நிறுத்திவிட்டு நேர்மின்னோட்டத்தால் சுருளை அளந்தால் சில ஓம்தான் இருக்கும். இடைவெளியை நிரப்புவது, சுழலும்போது எந்திரம் தானே எழுப்பும் எதிர் மின்னழுத்தமும் சுருளின் காந்தத் தன்மையும். சுழலி சிக்கி நின்றுவிட்டால் அந்த எதிர்ப்பு மறைகிறது. மின்னோட்டம் ஐந்தாறு மடங்காகிறது. சில நிமிடங்களில் புகை. பெருக்கலும் அப்படியே. அழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் கிடைப்பது தோற்றத் திறன். அதில் ஐந்தில் நான்கு பங்குதான் நீரைத் தூக்குகிறது. எஞ்சிய பகுதிக்கான மின்னோட்டம் வேலை எதுவும் செய்யாமல் கம்பியைச் சூடாக்கிவிட்டுத் திரும்புகிறது. மோட்டாருக்கு அருகே ஒரு கெப்பாசிட்டரை வைத்தால் இது குறையும். ஆனால் எட்டுப் பேரில் ஒருவர் மட்டும் வைத்தால் கம்பியின் சரிவு அவருக்கு மட்டுமாக நீங்கிவிடாது. நன்மை எட்டாகப் பிரிந்துபோகும், செலவு ஒருவருடையது. எட்டுப் பேரும் சேர்ந்து வைத்தால்தான் பலன். இத்தகைய கூட்டுச் செயலைக் கட்டளையால் வரவழைக்க முடியாது என்பதைப் பின்னாளைய அனுபவம் காட்டியது: இலவச மின்சாரத்தோடு கெப்பாசிட்டரும் தரமுத்திரை மோட்டாரும் நிபந்தனையாக வைக்கப்பட்டும், பல வயல்களில் கெப்பாசிட்டர் தொங்கவேயில்லை.

இவ்வளவு பெரிய இழப்பு எப்படிக் கண்ணில் படாமல் இருந்தது? 1980களின் தொடக்கத்தில் ஆந்திரத்தில் கிணற்று மோட்டார்களுக்கு மீட்டர் வாசிப்பு கைவிடப்பட்டது; குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்ற நிலைக்கட்டணம் வந்தது. என்.டி. ராமராவ் ஆட்சியில் அது குதிரைத்திறனுக்கு 50 ரூபாய். சுரங்கத்துக்கு 1902இல் விற்ற அதே அலகு! அலகு ஒன்றாயினும் அதன் பின்னிருந்த அளவீடு ஒன்றாக இல்லை. சுரங்க முனையில் ஒரு துணைமின்நிலையமும் அதன் பலகையில் கருவிகளும் இருந்தன. வயல் முனையில் இருந்தது மோட்டாரின் பெயர்ப்பலகை மட்டும். ஐந்து என்று எழுதிய மோட்டார் உள்ளூர்ப் பட்டறையில் மறுசுருள் கட்டப்பட்டபின் ஏழரையை இழுக்கக்கூடும். அதை அறிய ஊழியர் கவ்வுமானியைக் கம்பியில் மாட்டி மின்னோட்டத்தைப் படித்து, அழுத்தத்தோடு பெருக்க வேண்டும். இலட்சக்கணக்கான மோட்டார்களில் அது நடவாத காரியம்.

ஆக, உற்பத்தியான மின்சாரத்திலிருந்து மீட்டர் உள்ளவர்களின் நுகர்வைக் கழித்து, மிச்சத்தை ‘வேளாண்மை’, ‘இழப்பு’ என்று இரண்டாகப் பிரிப்பது வாரியத்தின் வழக்கமாயிற்று. பிரிக்கும் கோடு எங்கே என்பதற்கு அளவீடு இல்லை. கம்பியில் எரிந்ததும், கள்ளத்தனமாக எடுக்கப்பட்டதும், உழவர் உண்மையில் பயன்படுத்தியதும் ஒரே பத்தியில் கலந்தன. இழப்பைக் குறைவாகக் காட்ட வேண்டுமானால் உழவரின் நுகர்வைக் கூட்டிக் காட்டினால் போதும். 1999இல் வாரியம் பிரிக்கப்பட்டு, ஒழுங்குமுறை ஆணையம் கேள்வி கேட்கத் தொடங்கியபோது, இழப்பு அதுவரை சொல்லப்பட்டதைவிடக் கணிசமாகக் கூடுதல் என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. உழவர் மின்சாரத்தை வாரி இறைக்கிறார் என்ற பொதுக்கருத்துக்கு அடியில் கிடந்தது பல ஆண்டுகள் போடப்படாத ஒரு பெருக்கல் கணக்கு. உழவரிடம் வீண்செலவே இல்லை என்பதும் மிகையே. விலையில்லாப் பொருள் சிக்கனமாகச் செலவழிந்ததாக எங்கும் வரலாறு இல்லை. ஆயினும் இரண்டையும் பிரித்துச் சொல்லும் எண் எவரிடமும் இல்லாதபோது, பழி வாயற்ற பக்கமே சாய்ந்தது. கட்டண உயர்வை எதிர்த்து 2000 ஆகஸ்ட் 28 அன்று ஹைதராபாத் பஷீர்பாக்கில் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச்சூடும் உயிர்ப்பலியும் நேர்ந்தன. 2004 மே மாதம் பதவியேற்ற ராஜசேகர ரெட்டி கையெழுத்திட்ட முதல் கோப்பு இலவச மின்சாரத்துக்கானது.

2000ஆம் ஆண்டில் பகிர்மானம் நான்கு நிறுவனங்களாகப் பிரிந்தபோது, தெற்குப் பகுதிக்கான நிறுவனத்தின் தலைமையகம் திருப்பதியில் அமைந்தது. அதன் ஆளுகைக்குட்பட்ட சித்தூர் வயல்களில் பின்வந்த ஆண்டுகளில் ‘உயரழுத்தப் பகிர்மானம்’ என்ற முறை பரவியது. ஊர் முனையில் நின்ற பெரிய மின்மாற்றிக்குப் பதிலாக, 11,000 வோல்ட் கம்பியையே வயல் வரை கொண்டுசென்று, இரண்டு மூன்று மோட்டார்களுக்கு ஒன்றாக 15 அல்லது 25 கிலோவோல்ட்-ஆம்பியர் அளவுள்ள சிறு மின்மாற்றிகளைக் கம்பத்தில் மாட்டுவது. மேலே கண்ட எட்டு மோட்டார்களின் 37 கிலோவாட்டை அதே மரநாய்க் கம்பியில் 11,000 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் 65இலிருந்து 2.45 ஆம்பியராகிறது, இழப்பு 11.8 கிலோவாட்டிலிருந்து 17 வாட்டாகிறது. கிலோவாட் அன்று, வாட்: ஒரு சிறு விளக்கின் அளவு. சிறு மின்மாற்றிகளின் உள்ளிழப்பைச் சேர்த்தாலும் ஆதாயம் பெரிது. லோட்பினியேரின் தாளிலிருந்த தர்க்கம் ஒரு நூற்றாண்டு கழித்து எல்லையைக் கடந்து குப்பத்து வயலுக்கு வந்து சேர்ந்தது என்று கொள்ளலாம். அதற்குள், 2001 பிப்ரவரி 28 அன்று, தங்கவயல் மூடப்பட்டுவிட்டது.

வந்த பின்னும் சிக்கல்கள் தீரவில்லை. சிறு மின்மாற்றிகள் ஊருக்கு வெளியே தனியாக நிற்பதால், உள்ளிருக்கும் செம்புக்காக இரவில் அவற்றை உடைத்துத் திருடுவது வழக்கமான குற்றமாயிற்று. மீட்டர் பிரச்சினையும் அப்படியே நின்றது. 2020இல் ஆந்திர அரசு, இலவச மின்சாரத்துக்குரிய தொகையை உழவரின் வங்கிக் கணக்கில் செலுத்தும் திட்டத்தோடு ஒவ்வொரு மோட்டாருக்கும் மீட்டர் பொருத்த முடிவெடுத்து, மாநிலத்தின் மறுமுனையிலுள்ள ஸ்ரீகாகுளத்தில் அதைச் சோதனையாகத் தொடங்கியது. அளந்தால்தான் இழப்பு தெரியும் என்பது பொறியாளரின் வாதம். அளந்த அடுத்த நாள் விலை வரும் என்பது உழவர் சங்கங்களின் வாதம். கம்பியின் இழப்பை அளக்க, மின்மாற்றியின் வாயிலில் ஒரு மீட்டர் போதும். வயலுக்கு வயல் மீட்டர் தேவைப்படுவது விலை வசூலிக்க மட்டுமே என்ற மூன்றாவது வாதமும் உண்டு. விவாதத்தில் மிகக் குறைவாகக் கேட்கப்பட்டதும் அதுவே.